வெளியே பச்சை, உள்ளே சிவப்பு

சென்ற தவணையில் ஒருநாள் உயர்நிலை மூன்று வகுப்புக்கு ஊசல் சோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, 20 அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். நீங்களும் செய்திருப்பீர்கள். ஒரு மாணவருக்கு விடை 10.9 என்று வந்தது. புத்தகத்தில் 9.8. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அழிப்பானை எடுத்து, நேர அளவுகளைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். விடை 9.8 ஆகிவிட்டது.

பின்னால் நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். "சார், நான் பெரிய ஐடி கன்சல்டிங் கம்பெனிக்குப் போகப்போறேன். அங்க யாரு என்னை ஊசல் ஆட்டச் சொல்லப்போறாங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்போது எனக்குச் சரியான பதில் தோன்றவில்லை.

பதில் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கிடைத்தது. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை சந்தைக்கு வரும்போது சேர்ந்து பசியாறுவோம். அன்று கண்கள் சிவக்க வந்திருந்தான். சனிக்கிழமை இரவு ஒரு வங்கியின் கணினி அமைப்பில் புதிய மாற்றத்தை ஏற்றியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் நடமாட்டம் குறைவாக உள்ள நேரத்தில்தான் இதையெல்லாம் செய்ய முடியும். நான் ஊசல் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் வெட்டி அடுக்கியிருந்த தர்பூசணியைக் காட்டி, "இதைத்தான்டா நாங்க தர்பூசணி ரிப்போர்ட்டுன்னு சொல்வோம்" என்றான்.

அது என்னவென்று சொல்வதற்கு முன், இந்த நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். பலர் நினைப்பதுபோல் இவை கைப்பேசிச் செயலி செய்து விற்பவை அல்ல. வங்கி, விமான நிறுவனம், மருத்துவமனை, அரசாங்க அமைப்பு ஆகியவற்றுக்குத் தேவையான கணினி அமைப்புகளைத் திட்டமிட்டு, கட்டி, பழுது பார்த்துக் கொடுப்பவை. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இலும் இன்ஃபோசிஸ் 1981இலும் இந்தியாவில் தொடங்கப்பட்டன. நம் என்சிஎஸ் நிறுவனத்தின் தொடக்கமும் அதே 1981தான். தேசியக் கணினி வாரியத்தில் பிறந்து, பிறகு சிங்டெல் குழுமத்துக்குள் வந்தது. இவை விற்கும் சரக்கு, ஊழியர்களின் நேரமும் அறிவும். 'இத்தனை பேர், இத்தனை நாள்' என்றுதான் விலை பேசுவார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவழித்தோம் என்று பதிவுசெய்ய வேண்டும். என் நண்பனுக்கு வேலையிலேயே பிடிக்காத பகுதி அதுதான்.

அவனுடைய ஒரு நாளைக் கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நிரல் எழுதும் நேரம் குறைவு. வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்பது, அதை எழுதிவைப்பது, எழுதியதை அவர்களிடம் திரும்பக் காட்டுவது, பிறர் எழுதிய பழைய நிரலைப் படித்து விளங்கிக்கொள்வது, சோதிப்பது. சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் சக ஊழியர்களோடு பேச வேண்டும். இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 11.30. அவர்களுடைய பிற்பகல் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். ஆனால் அவனுக்கு வேலை பிடித்திருக்கிறது. ஆறு மாதம் வங்கி, அடுத்து துறைமுகம், பிறகு காப்புறுதி என்று வெவ்வேறு உலகங்களைப் பார்க்க முடிகிறதாம்.

இப்போது தர்பூசணிக்கு வருவோம். பெரிய திட்டங்களில் வாரந்தோறும் ஒரு நிலவர அறிக்கை போகும். எல்லாம் சரி என்றால் பச்சை, கவனம் தேவை என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. சிவப்பு காட்டினால் கேள்விகள் வரும், கூட்டங்கள் கூடும். ஆகவே அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பச்சையே போட்டு அனுப்புவார்கள். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. 10.9ஐ அழித்து 9.8 எழுதுவதும் இதுவும் ஒன்றே என்றான் நண்பன்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 2018இல் சிங்ஹெல்த்தில் நடந்ததைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். சுமார் 15 லட்சம் நோயாளிகளின் தகவல்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமரின் மருந்துக் குறிப்புகளும் அதில் அடக்கம். மருத்துவமனைகளின் கணினி அமைப்புகளை ஐஎச்ஐஎஸ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் கவனித்துவந்தது. அங்கிருந்த ஊழியர்கள் சிலர் சந்தேகத்துக்குரிய முயற்சிகளை ஜூன் மாதமே கவனித்திருந்தார்கள். திருட்டு ஜூலை 4ஆம் தேதிவரை நடந்தது. மேல் நிர்வாகத்துக்கும் அமைச்சுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தபோது ஜூலை 9, 10 ஆகிவிட்டது. 2019 ஜனவரியில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்றது. மேலே தெரிவித்தால் தங்களுக்கு நெருக்கடி கூடும் என்ற தயக்கமும் விசாரணையில் வெளிப்பட்டது. அறிவு இல்லாமல் இல்லை. பார்த்தார்கள், ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இரண்டு ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தங்கள் வேலை எல்லையைத் தாண்டி அக்கறை காட்டிய மூவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி அறிவியல் மாணவர்களுக்கு இன்னும் சுவையானது. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தது. கணினிகளில் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறிவிடும், அதை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான சமிக்ஞை அனுப்பியதால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பநிலை ஏறியது. டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் முடங்கின. சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளை முடிக்க முடியவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இரண்டு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. அவசரத்துக்கு அங்கே மாறியபோது, ஒன்றில் கட்டமைப்பு அமைப்புமுறையில் தவறு, மற்றதில் இணைப்புப் பிரச்சினை. மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, அது வேலை செய்யும் என்று சோதித்து அறிந்திருப்பது வேறு.

வாய் திறந்து பேசுவது எல்லாருக்கும் எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். என் நண்பனின் குழுவில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். அவருடைய எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் பிள்ளையின் பள்ளி, வாடகை வீடு எல்லாமே கேள்விக்குறி. அவர் சிவப்பு காட்டத் தயங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். குறை சொன்னவரை முறைக்கும் மேலாளரைத்தான் சொல்வேன். நீங்கள் ஒருநாள் அந்த மேலாளராகவும் ஆகலாம்.

ஆசிரியரான என்மீதும் குறை உண்டு. இத்தனை ஆண்டுகளாக 9.8க்கு அருகில் வந்த தாள்களுக்குத்தான் தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கிறேன். அழிப்பானைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததே நான்தான்.

சரி, அந்த 10.9 எப்படி வந்தது? மறுவாரம் மாணவரைத் திரும்பச் செய்யச் சொன்னேன். குண்டை விட்ட அந்த நொடியிலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினார். பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அவர் "இருபது" என்றபோது உண்மையில் முடிந்தது 19 அலைவுகள்தான். நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு நேரம் குறையும், முடுக்கம் சுமார் 11 விழுக்காடு கூடும். 9.8 அப்படியே 10.9 ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய கைக்கடிகாரமும் சரி, நூலும் சரி, கணக்கும் சரி. நண்பனிடம் சொன்னபோது இந்த முறை சிரித்தான். எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் குறைவதும் நிரல் எழுதுபவர்களை நாள்தோறும் படுத்தும் பிழையாம். அழித்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இந்தத் தவணையிலிருந்து என் சோதனைத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'எதிர்பார்த்தபடி வராதது எது? ஏன் என்று நினைக்கிறீர்கள்?' அதற்கு இரண்டு மதிப்பெண். முதல் வாரம் பெரும்பாலோர் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஊசல் மாணவர் மட்டும் நான்கு வரி எழுதி, இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் தொடர்ந்திருந்தார்.