வேரடி உழவர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வாசுதேவநல்லூர்ப் பகுதியில் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளைகின்றன. அப்பயிர்களைச் சூழ்ந்த காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆயினும், பயிர்கள் அதனை நேரடியாக ஏற்க இயலாது. எனவேதான் உழவர் யூரியா மூட்டையை நாடுகின்றார். தொழிற்சாலைகள் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் நிகழ்த்தும் நைட்ரஜன் பிணைப்பை, மண்வாழ் பாக்டீரியாக்கள் ஓசையின்றி நிகழ்த்துகின்றன.

டச்சு அறிவியலறிஞர் பெய்ஜெரின்க் 1888ஆம் ஆண்டில் பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளிலிருந்து இத்தகைய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று உளுந்துக்கு ரைசோபியமும் நெல், கரும்புக்கு அசோஸ்பைரில்லமும் பயன்படுகின்றன. மண்ணில் கரையாது கிடக்கும் மணிச்சத்தைப் பாஸ்போபாக்டீரியா கரைத்துத் தருகின்றது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றைப் பரிந்துரைக்கின்றது.

அவ்வாறிருந்தும், ‘இட்டுப் பார்த்தோம், பயனில்லை’ என்று சலித்துக்கொள்வோர் உளர். அச்சலிப்பைப் புறந்தள்ளுதல் முறையன்று. அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பொட்டலத்தில் இருப்பவை உயிர்கள். வெயிலில் வைத்தாலும், காலாவதியான பின் பயன்படுத்தினாலும், இரசாயன மருந்துகளோடு ஒருங்கே கலந்தாலும் அவை மடியும். ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதைமீது பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, உடனே விதைத்தலே முறை. தொழுவுரமும் தழையுரமும் இல்லாத மண்ணில் அவை தழைப்பதும் அரிது. ஆதலால், நுண்ணுயிர் உரத்தை மானிய விலையில் வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது. அதனைக் காக்கும் முறையையும் ஊர்தோறும் செய்துகாட்டுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

இரசாயன உரத்தை ஒரே நாளில் கைவிடுக என்று கூறுவதும் பொருந்தாது. நெல், கரும்பின் தழைச்சத்துத் தேவை முழுவதையும் அசோஸ்பைரில்லத்தால் நிறைவு செய்ய இயலாது. ஆனால், மண்ணை ஆய்ந்து, உரத்தைப் படிப்படியாகக் குறைக்க இயலும். அளவு மீறிய யூரியா உழவரின் கைப்பொருளைக் கரைக்கின்றது, நீர்நிலைகளை மாசுபடுத்துகின்றது, வேர்முடிச்சு உருவாவதையும் தடுக்கின்றது.

மாணவர்களே! அருகிலுள்ள வயலில் உழவரின் இசைவுடன், பூக்கும் பருவத்து உளுந்துச் செடி ஒன்றை மண்ணோடு மெல்ல அகழ்ந்தெடுங்கள். வேர்முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிகின்றதா? தெரிந்தால், அங்கே நைட்ரஜனைப் பிணைக்கும் பணி நடைபெறுகின்றது. வெளிறியிருந்தால், அந்த மண்ணுக்கு என்ன தேவை என்று உழவரோடு உரையாடத் தொடங்குங்கள்.