ஆட்டக்காரரைக் கேட்க வேண்டாமா?

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், டாலஸ் மேவரிக்ஸ் குழு தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவுக்கு மாற்றிவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் டாலசை என்பிஏ இறுதிச் சுற்றுவரை அழைத்துச் சென்றிருந்தார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

என்பிஏ எனப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், ஆட்டக்காரருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கைமாற்றலாம். சம்பளமும் ஒப்பந்தக் காலமும் மாறுவதில்லை, ஊர்தான் மாறும். கோடிக்கணக்கில் சம்பாதிப்பவருக்கு இது ஒரு குறையா என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பணம் அவருடைய ஆட்டத்திற்கான கூலி. பருவத்தின் நடுவே பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதற்கும், பழகியவர்களை ஒரே நாளில் விட்டுப் பிரிவதற்கும் கொடுத்த விலை அன்று. மேலும், மாற்றப்படுவோர் எல்லாரும் நட்சத்திரங்களும் அல்லர்.

மாற்றத்தை மறுக்கும் உரிமை என்பிஏவிலும் உண்டு. ஆனால், அதை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற, குறைந்தது எட்டு ஆண்டுகள் என்பிஏவில் ஆடியிருக்க வேண்டும். அவற்றுள் நான்கு ஆண்டுகளாவது அந்தக் குழுவில் ஆடியிருக்க வேண்டும். அப்போதும் குழு இணங்கினால்தான் கிடைக்கும். கோபி பிரயண்ட், டர்க் நொவிட்ஸ்கி, லெப்ரான் ஜேம்ஸ் என அதைப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2018இல் என்பிஏவுக்கு வந்த டோன்சிச் அதைக் கேட்கவே முடியாது.

இந்த உரிமையால் குழுக்கள் முடங்கிவிடும் என்போர் பிராட்லி பீலைச் சுட்டிக்காட்டுவர். 2022இல் வாஷிங்டன் விசார்ட்ஸ் குழு ஐந்தாண்டுகளுக்கு 251 மில்லியன் டாலர் சம்பளத்துடன் இந்த உரிமையையும் அவருக்குக் கொடுத்தது. மறு ஆண்டு, அவர் தம் விருப்பத்துடன் ஃபீனிக்ஸ் சன்ஸ் குழுவுக்குப் போனார். உரிமையும் கூடவே போனது. 2024-25 பருவத்தில் ஃபீனிக்ஸ் 82 ஆட்டங்களில் 36இல் மட்டுமே வென்றது. ஆனாலும், பீல் இசையாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. கடைசியில், 2025 ஜூலையில் இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. ஃபீனிக்ஸ் பட்ட சங்கடம் உண்மைதான். ஆனால், வாஷிங்டன் அந்த உரிமையைத் தானாக இணங்கித்தான் கொடுத்தது; ஃபீனிக்சும் தெரிந்தேதான் ஏற்றது. கொடுத்தவரையும் ஏற்றவரையும் விட்டுவிட்டுப் பெற்றவரைக் குறைசொல்வது என்ன நியாயம்?

எல்லாருக்கும் முழு மறுப்புரிமை கொடுத்தால் ஆட்டக்காரர் பரிமாற்றமே நின்றுபோகலாம். நலிந்த குழுக்கள் மீள வழியிருக்காது. அதை நான் கேட்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் பத்தாண்டுகள் ஆடி, கடைசி ஐந்தாண்டுகளை ஒரே குழுவில் கழித்தவருக்கு மறுப்புரிமை தானாகவே கிடைக்கிறது. 1973 முதல் உள்ள விதி இது. அதனால் எந்த உரிமையாளரும் கடையை மூடிவிடவில்லை. ஐஸ் ஹாக்கியிலோ, தாம் போக விரும்பாத குழுக்களின் பட்டியலைச் சில ஆட்டக்காரர்கள் கொடுத்து வைக்கலாம்.

கூடைப்பந்துக்கு இந்தப் பட்டியல் முறை பொருந்தும். ஒரே குழுவில் நான்கு ஆண்டுகள் ஆடியவர் எவரும் அப்படியொரு பட்டியல் கொடுக்கட்டும். மாற்றுவதற்கு முன் குழு அவரிடம் பேசட்டும். இந்த ஏற்பாடு அன்று இருந்திருந்தால், டாலஸ் நிர்வாகம் டோன்சிச்சை முன்கூட்டியே ஒருமுறை தொலைபேசியிலாவது அழைத்திருக்க வேண்டும்.