வீணையின் மெருகு

நம் தாயகம் விட்டு வந்து ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றில், கூடத்தின் ஓரத்தில் ஒரு தஞ்சாவூர் வீணை உறைக்குள் உறங்குவதைக் காண்கிறோம். சில இல்லங்களில் அது தாய்வீட்டுச் சீராக வந்தது. சில இல்லங்களில் பாட்டியார் வாசித்து விட்டுச் சென்றது. அதன் தந்தி அறுந்தால் புதிது கட்டலாம். மெட்டு நகர்ந்தால் மெழுகிட்டு மீண்டும் மேளம் வைக்கலாம். ஆனால் அதன் மேனியில் உள்ள மெருகு ஒருமுறை கெட்டுவிட்டால், பழைய நிறமும் தோற்றமும் மீள்வது அரிது. ஆதலின் இம்மாதம் அம்மெருகைக் காக்கும் வகையை நேயர்களுடன் ஆராய விழைகிறோம்.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் கடையப்படுவது. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீணைகள் பலவற்றின் மேற்பூச்சு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றிய மெருகாகும். அரக்கு என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்.

இவ்வரக்கின் குணத்தை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சார்மினாரை அடுத்த லாட் பஜாருக்குச் சென்றாற் போதும். 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஐதராபாத் அரக்கு வளையல்களை அங்கே காணலாம். கைவினைஞர்கள் அரக்கைக் கரி நெருப்பில் காட்டி இளக்கி, வளைத்து, கற்களைப் பதிக்கின்றனர். நெருப்பில் இளகும் அதே பொருள்தான் நம் வீணையின் மேலாடை. வெப்பம் அதற்கு ஆகாது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

தஞ்சைத் தரணியின் ஈரக்காற்று இந்நகரில் இல்லை. சித்திரை வைகாசியில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டுகிறது. காற்று வறண்டு போகிறது. மரம் சுருங்க, அதனுடன் இணங்கிச் சுருங்க இயலாத மெருகில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. ஆனி பிறந்ததும் மழை வர, மரம் மீண்டும் பருக்கிறது. ஆகவே வீணையை மேற்கு நோக்கிய சுவரருகே வைத்தல் ஆகாது. ஏர்கூலரின் ஈரக்காற்று நேரே படும் இடமும் ஆகாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியில் அரை மணி நேரம் விட்டுச் செல்வதும் கேடு. அவ்வெப்பத்தில் மெருகு பிசுபிசுப்பதோடு, மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் இளகிவிடும்.

அடுத்த பகை ஈரம். இங்கே நம் பெண்மணிகள் சற்றே பொறுத்தருள வேண்டும். சரசுவதி பூசையன்று குடத்தின் மீது நீரிற் குழைத்த சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். பக்தி மெச்சத்தக்கதே. ஆயினும் அந்த ஈரம் அரக்கில் ஊறி வெள்ளைத் திட்டு உண்டாக்குகிறது. மஞ்சளும் குங்குமமும் கறையாய்த் தங்குகின்றன. ஒரு பட்டுத் துண்டை வீணையின்மேல் போர்த்தி அதன்மீது பொட்டிட்டால் கலைமகள் குறைகொள்வாளோ? அவளது கருவியைப் பேணுவதும் அவளுக்குச் செய்யும் பூசையே அன்றோ!

மூன்றாவது பகை ஸ்பிரிட். அரக்கைக் கரைப்பது அதுவே. வாசனைத் திரவியங்கள் பலவற்றிலும், கை துடைக்கும் கிருமிநாசினியிலும் அது உண்டு. கொசு விரட்டும் களிம்பு பூசிய முன்கையைக் குடத்தின்மேல் சாய்த்தாலும் மெருகு கெட்டு, தடம் பதிந்துவிடக்கூடும். கைகழுவித் துடைத்த பின்னரே வீணையைத் தொடுக. வாசிக்குமுன் வளையல்களையும் கழற்றி வைத்தல் நலம்.

வாசித்து முடிந்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால், உலர்ந்தபடியே மெல்லத் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய் தடவுதல் வேண்டா. அது உலராமல் தூசியை ஈர்க்கும்.

இப்போது நம் பிள்ளைகள் பலர் கித்தார் பயில்கின்றனர். அதற்கும் இவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் பொருந்தும். விலையுயர்ந்த கித்தார்கள் சிலவற்றின் மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் எனப்படுவது. ரப்பரோ வினைலோ அதில் நெடுநேரம் அழுந்தினால் இரண்டும் வினைபுரிந்து பூச்சு கெடும். கித்தாரை நிறுத்தும் தாங்கியின் ரப்பர்ப் பட்டைமீது பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் அக்கவலை இல்லை. பாலியூரிதீன் பூசிய கித்தார்களுக்கு இவ்வகைச் சேதம் குறைவு.

எல்லாவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மங்கிய வீணையைப் புதிதாக்கும் ஆவலில், மேசை நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பவரிடம் ஒப்படைத்து விடுகின்றனர். அவர் உப்புத்தாளால் பழைய மெருகை முற்றும் சுரண்டிவிட்டு, தடித்த வார்னிஷைப் பூசுகிறார். பளபளப்பு வருகிறது. ஆனால் மேற்பலகையில் தடித்த பூச்சு ஏறினால் அதன் அதிர்வு தடைப்பட்டு நாதம் அடங்கிப் போகிறது. அரக்கு மெருகுக்கோ ஒரு தனிச் சிறப்புண்டு. அதன்மேல் ஏற்றும் புதிய அரக்கு பழையதிற் கரைந்து ஒன்றிவிடும். ஆதலால் கெட்ட இடத்தை மட்டும் சீர்செய்ய இயலும். இதனை அறிந்தவர் வீணை செய்யும் ஆசாரியாரே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தஞ்சாவூரில் அவரிடம் காட்டுவதே முறை.

இரயில் அலுவலில் இருக்கும் நாம் பிரயாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வீணையைத் துணியுறையோடு மட்டும் ஏற்றாதீர்கள். பஞ்சு வைத்த கெட்டிப் பெட்டியில் இட்டு, தந்திகளைச் சற்றே தளர்த்தி, கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறவாமல், வீட்டின் காற்றுக்குப் பழகச் சில மணி நேரம் விட்டுவிடுங்கள்.

நவராத்திரி வரையில் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே உறையை நீக்கி உங்கள் வீட்டு வீணையைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நோக்கும்படி வேண்டுகிறோம். வெள்ளைத் திட்டோ வெடிப்போ கண்டால் எந்த மருந்தும் தடவாமல் குறித்து வையுங்கள். ஆசாரியாரிடம் காட்டுவதற்கு அது உதவும்.