பேரைப் பார்த்தா ஓட்டு?

கிளாஸ் ரெப் எலெக்‌ஷன்ல யாருக்கு, எதுக்காக ஓட்டுப் போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க பாஸ்! நான் போட்டது, கேன்டீன்ல டீ வாங்கித் தந்தவனுக்கு.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் கவுன்ட்டியில் ஜட்ஜ் பதவிக்கே தேர்தல் உண்டு. வாக்குச்சீட்டில் பேர், பக்கத்தில் தொழில். கட்சி, சின்னம் எதுவும் கிடையாது!

2006-ல் 20 வருஷ அனுபவமுள்ள நீதிபதி ஜின்ட்ரா ஜனாவ்ஸ், வக்கீலுக்குப் படிச்சுட்டு பேகல் ரொட்டிக் கடை நடத்தின லின் ஓல்சனிடம் தோத்துட்டார். வழக்கறிஞர் சங்கம் ஜனாவ்ஸுக்குக் கொடுத்திருந்தது டாப் ரேங்க். ஓல்சனுக்கு, 'தகுதி இல்லை'! வாயில் நுழையாத பேர்தான் காலை வாரிடுச்சுனு பலர் சொன்னாங்க. பிறகு, கவர்னர் ஷ்வார்ஸ்நேகர் ஜனாவ்ஸை மறுபடி நீதிபதியாக்கினார்.

அந்த ரேங்க் லிஸ்ட் ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடியே வெளிவந்ததுதான். படிக்க அஞ்சு நிமிஷம் போதும். நாளைக்கு நம்ம கேஸே அந்த ஜட்ஜ் முன்னாடி வந்தா?

டீக்கு நான் போட்ட ஓட்டு இப்போ உறுத்துது. உங்களுக்கு?