அரிவாள் எப்போது ஆயுதமாகிறது? சேஷாசலம் எழுப்பும் கேள்வி

2015 ஏப்ரல் 7 அதிகாலை, சித்தூர் மாவட்டம் சந்திரகிரிக்கு அருகே, திருப்பதி மலையை உள்ளடக்கிய சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பலர் மலையாளி பழங்குடியினர். ஏனையோர் அன்றாடக் கூலிகள். சுட்டது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. "கற்களாலும் கோடாரிகளாலும் அரிவாள்களாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம்" என்பது காவல்துறையின் விளக்கம்.

அந்த விளக்கம் முழுவதும் ஒரே சொல்லின் மீது நிற்கிறது: ஆயுதம். இறந்தவர்கள் ஆயுதம் தாங்கியவர்கள், ஆகவே சுடத்தக்கவர்கள் என்பதே அதன் உட்பொருள். அந்தச் சொல்லையே நாம் விசாரணைக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் கத்தி வைத்திருப்பது குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்களையே ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய பொருள்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகொண்ட கத்திகளையும் விதிகள் தனி வகையில் சேர்க்கின்றன. அங்கும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டுமே இத்தகைய ஆயுதத்துக்கு உரிமம் தேவை. சீக்கியர் கிர்பான் அணிவதை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே ஏற்கிறது.

கத்தி மடங்குகிறதா, மடங்காமல் பிடியோடு இறுகியிருக்கிறதா என்பதல்ல இங்கே அளவுகோல். அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வி. இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு காட்டுக்குப் போகும் மலைவாசி ஆயுதபாணி அல்லர். விறகு வெட்டவும் புதர் விலக்கவும் தேனெடுக்கவும் அவர் நம்பியிருக்கும் கருவி அது. கருவியால் ஒருவரைத் தாக்கினால் அது குற்றம். அதற்கு வழக்கும் தண்டனையும் உண்டு. கருவியைக் கையில் வைத்திருந்ததற்கு மரண தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை.

சேஷாசலத்தில் அந்தக் கருவிகளாவது அவர்கள் கையில் இருந்தனவா? பேருந்தில் வந்துகொண்டிருந்தபோதே தங்களோடு வந்தவர்கள் இறக்கி அழைத்துச் செல்லப்பட்டதாக, தப்பிப் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியமளித்தனர். பேருந்தில் பிடிக்கப்பட்டவர் காட்டுக்குள் கோடாரியோடு பாய்ந்தது எப்படி? உடல்களின் அருகே கிடந்த மரக்கட்டைகளில் பழைய வண்ணக் குறியீடுகள் இருந்ததைச் செய்தியாளர்களும் உண்மையறியும் குழுவினரும் சுட்டிக்காட்டினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் சூழ்ந்து தாக்கியதாகச் சொன்ன காவல்துறை தன் தரப்பில் ஓர் உயிரையும் இழக்கவில்லை. தற்காப்பு உரிமை தேவைக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதில்லை என்பது சட்டத்தின் அரிச்சுவடி.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான், 2014 செப்டம்பரில், மோதல் சாவுகள் ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிவும் சுயேச்சையான விசாரணையும் நடைபெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்திருந்தது. ஆனால் முதலில் வழக்குப் பாய்ந்தது தொழிலாளர்கள் மீது. சிறப்புப் படை மீது கொலை வழக்குப் பதிவாகவும், உடல்கள் மறு பிரேதப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படவும் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மத்தியப் புலனாய்வு விசாரணையையும் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தபோது, ஆந்திர அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

"2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்களே?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த இருவரின் சாவும் நமக்குத் துயரமே. அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பிடிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உண்மையான கொலையாளியைக் கண்டறியாத விசாரணை இறந்த அதிகாரிகளுக்கும் நீதி செய்யவில்லை. கைக்குக் கிடைத்த ஏழைகளைக் கொண்டு கணக்கை முடித்தது. முன்னதற்குப் பழியாகப் பின்னதை நியாயப்படுத்துவோர் சட்டத்தின் ஆட்சியைப் பேசுவதில்லை, கும்பலின் நீதியைப் பேசுகிறார்கள்.

மறுபுறம் பாருங்கள். ராயலசீமாவின் கோஷ்டி அரசியலில் நிலவுடைமைத் தலைவர்களின் அடியாட்கள் கொடுவாள்களோடு வெளிப்படையாக வலம் வந்த வரலாற்றை அந்த மண்ணின் மக்கள் அறிவார்கள். விஜயதசமி தோறும் ஆர்.எஸ்.எஸ். ஆயுதங்களை அடுக்கி வைத்துப் பூசை செய்கிறது. ராம நவமி ஊர்வலங்களில் வாள்கள் உருவப்பட்டு, சிறுபான்மையினரின் தெருக்கள் வழியே போகின்றன. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. 2022 டிசம்பரில் கர்நாடகத்தின் சிவமொக்காவில், அன்றைய பா.ஜ.க. மக்களவை உறுப்பினர் பிரக்யா சிங் தாக்கூர், வீட்டிலுள்ள கத்திகளைக் கூர்தீட்டி வைக்கும்படி மேடையில் அறைகூவினார். கருவியை ஆயுதமாக மாற்றும் நோக்கம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது அங்கேதான். அந்த மேடையை நோக்கி எந்தத் துப்பாக்கியும் நீளவில்லை. நீள வேண்டும் என்றும் நாம் கோரவில்லை. வழக்கும் நீதிமன்றமும் அவருக்கு உண்டென்றால், ஜவ்வாது மலைக் கூலிக்கும் உண்டு என்கிறோம்.

இந்த இரட்டை அளவுகோல் புதியதன்று. 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அன்று நிறத்தைப் பார்த்தது சட்டம். இன்று அதைக் கையாள்வோர் வர்க்கத்தைப் பார்க்கிறார்கள்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிக்கே உரியது. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்குப் பெரும் விலை. வெட்டுகிறவருக்குக் கூலி, தரகருக்குக் கமிஷன், துறைமுகம் வரை வழிவிடுவோருக்குப் பங்கு, கடத்தல் முதலாளிக்குக் கோடிகள். பறிமுதலான மரத்தையும் அரசே ஏலம் விட்டுக் கருவூலத்தில் சேர்க்கிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே துப்பாக்கிக்கு எதிரே நிறுத்தப்படுகிறது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டத்தின் ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்டத் தொழிலாளர்கள் ஐவரின் உடல்கள் மிதந்தபோதும், அங்கே எந்தக் கடத்தல் முதலாளியின் உடலும் இல்லை.

ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும் கல்வராயன் மலையிலும் வேலை இருந்தால் யார் எல்லை தாண்டுவார்? 2006இன் வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பட்டா வழங்கப்படாமல் முடங்கியது. நிலமும் கூலியும் மறுக்கப்பட்டவர்களைத் தரகர் முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்கிறார். ஆகவே தமிழ்நாட்டை ஆண்ட அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இதைத் தெலுங்கர், தமிழர் மோதலாக்கி வாக்குத் தேடுவோர் அந்தப் பொறுப்பையே மறைக்கிறார்கள்.

சேஷாசலம் படுகொலையில் நீதிமன்ற மேற்பார்வையில் சுயேச்சையான விசாரணை முடிக்கப்பட்டு, குற்றம் செய்தோர் கூண்டில் ஏற்றப்பட வேண்டும். கடத்தலின் முதலாளிகள் மீதும் அவர்களுக்குத் துணைநின்ற அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடரப்பட வேண்டும். மலைக் கிராமங்களில் வன உரிமைப் பட்டாவும் ஆண்டு முழுவதும் வேலையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

தோழர்களே, நமது கொடியில் இருப்பது உழவரின் அரிவாள். அதை ஏந்தியதே குற்றம் என்று ஒரு காவல் படை தீர்ப்பெழுதியிருக்கிறது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களோடு மலைக் கிராமங்களில் நின்று அந்தத் தீர்ப்பைத் திருத்தும் போராட்டம் நம்முடையது.