நுளம்பு வலையும் திறந்த யன்னலும்

மாரி பிறந்தால் எமது வெளிநோயாளர் பிரிவுகளில் தடிமன், காய்ச்சல், முட்டு என்று வரிசை நீளும். இலங்கையில் இன்புளுவன்சா ஆண்டில் இரண்டு தடவை தலைதூக்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் தை மாதம் தாண்டும் வரை மற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இரண்டாவதுதான் பாரம். அதே மாதங்களில்தான் வடகீழ்ப் பருவமழை கொட்டுகிறது, டெங்கும் ஏறுகிறது. மழைக்கும் நுளம்புக்கும் பயந்து பொழுதுபட முன்னரே யன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். நாம் மருந்து எழுதி அனுப்பும் நோயாளி திரும்பிப் போவது அந்தச் சாத்திய அறைக்குத்தான். அந்த அறையைப் பற்றி நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

மாரிகால இரவொன்றில் அந்த அறை எப்படியிருக்கும் என்பதைக் களத்தில் நிற்கும் குடும்பநல மாதர் நன்றாக அறிவார்கள். ஒரே அறையில் நான்கைந்து பேர் படுத்திருப்பார்கள். காயாத பள்ளிச் சீருடை குறுக்கே கட்டிய கொடியில் தொங்கும். கட்டிலுக்குக் கீழே பழைய தகர மூடியில் நுளம்புத்திரி புகையும். கதவிடுக்கில் நுளம்பு புகாமல் துணி செருகியிருக்கும். மூலையில் அம்மம்மா இருமிக்கொண்டிருப்பார். மேலே மின்விசிறி சுழல்வதால் காற்று வருகிறது என்று வீட்டார் நம்புகிறார்கள். கூரை விசிறி புதுக் காற்று எதையும் கொண்டுவருவதில்லை. இருமியவர் விட்ட மூச்சையும் திரியின் புகையையும் எல்லோருக்கும் சமமாகப் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

நுளம்புத்திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சீன, மலேசியத் திரிகளை எரித்து அளந்தது. ஒரு திரி முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரியும்போது வரும் அளவுக்குச் சமம் என்று அது கண்டது. புகைபிடிக்கும் தகப்பனை முற்றத்துக்கு அனுப்பச் சொல்லும் நாம், குழந்தையின் கட்டிலுக்குக் கீழே எரிவதைக் கேட்காமல் விடுவது எந்த வகையில் நியாயம்? இத்தனைக்கும் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதற்கு வேகம் அதிகம். நள்ளிரவில் புகையும் திரி டெங்கைத் தடுப்பது மிகச் சொற்பம். முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்கோ அது முழு இரவுத் தொல்லை.

ஆனால் திரியை நிறுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது வெறும் உபதேசம். நுளம்புப் பயம் பொய்யல்ல. யன்னலுக்குக் கம்பிவலையோ நைலோன் வலையோ அடித்து, கட்டிலுக்கு நுளம்புவலை கட்டிய பிறகே அந்த வீட்டில் யன்னலை இரவில் திறக்கச் சொல்லும் உரிமை எமக்கு வருகிறது. எமது மண்ணில் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் முதல் கருவி யன்னல் வலைதான் என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. வலை காற்றோட்டத்தைச் சற்றுக் குறைக்கும், உண்மைதான். ஆனாலும் சாத்திய கண்ணாடியைவிட எவ்வளவோ மேல். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திறப்புகள் இருந்தால் ஒரு சாண் இடைவெளிகூட உதவும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் உள்ள அறையில், மேசை விசிறியை வெளியே பார்க்க வைத்து உள்ளே தேங்கிய காற்றைத் தள்ளலாம். காய்ச்சல்காரர் படுக்கும் அறையில் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

வீடுகளில் ஆளொருவருக்கு வினாடிக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. லீற்றர்க் கணக்கு வீட்டில் எவருக்கும் விளங்காது. கையடக்கக் காபனீரொட்சைட்டு மானி விளக்கும். வெளியே 420 பி.பி.எம். அளவில் நிற்கும் எண், பூட்டிய படுக்கையறையில் விடியும்போது பல மடங்காக ஏறியிருப்பதைத் தாய் தன் கண்ணால் பார்த்தால் போதும், பிறகு நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் அப்படி ஒன்றாவது இருக்க வேண்டும்.

அடுத்தது குசினி. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு விறகில் சமைத்தன. பிறகு எரிவாயு பரவியது. 2022 தட்டுப்பாட்டில் பலர் மீண்டும் அடுப்புக்கே திரும்பினார்கள். வெயில் காலத்தில் கொல்லைப்புறக் கொட்டிலில் எரியும் அடுப்பு, மழை வந்ததும் விறாந்தைக்கோ வீட்டுக்குள்ளோ வந்துவிடுகிறது. நனைந்த பனைமட்டையும் பன்னாடையும் பொச்சும் தீயைவிடப் புகையையே அதிகம் தரும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதும் தாயின் நெஞ்சுக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் அந்தப் புகை ஒன்றுதான்.

இங்கே சான்றுகளை நேர்மையாகச் சொல்ல வேண்டியது எமது கடமை. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்புக் கொடுத்த ஆய்வு (2011), தீவிர நிமோனியா குறைந்ததைக் காட்டியது. மருத்துவர் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் உறுதியான குறைவைக் காட்டவில்லை. இந்தியா (தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம்) உட்பட நான்கு நாடுகளில் நடந்து 2024இல் வெளிவந்த பெரும் ஆய்வில், 3,200 கர்ப்பிணிகளின் குடும்பங்களில் ஒரு பாதிக்கு எரிவாயு கொடுத்தும் குழந்தைகளின் தீவிர நிமோனியா குறையவில்லை. ஆகவே, எரிவாயுவுக்கு மாறினால் சளிக்காய்ச்சல் நின்றுவிடும் என்று தாய்மாருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கண்ணெரிச்சலும் இருமலும் புகைக்கரியும் குறையும், காலப்போக்கில் நுரையீரலும் இதயமும் தப்பும் என்று சொல்லுங்கள். அது போதிய காரணம். விறகுதான் கதி என்ற வீட்டில், ஆவணியிலேயே விறகை உலர்த்திக் கூரைக்குக் கீழே அடுக்கச் சொல்வதும், சமைக்கும் நேரம் பிள்ளையை வேறிடத்தில் விடச் சொல்வதும் உடனே செய்யக்கூடியவை.

குளிப்பாட்டிய சிசுவுக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் இன்னமும் பல வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வது அது; ஆனாலும் புகை புகைதான். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பவர் அம்மம்மா. அவரைப் பக்கத்தில் இருத்தி மரியாதையாகப் பேசாமல், இளந்தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பலன் கிடையாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனைகளிலும் கவனம் தேவை. குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும்போது உள்காற்று உலர்ந்துவிடுகிறது. அங்கே அறையை ஈரப்படுத்தும் கருவிக்கு ஓர் அர்த்தம் உண்டு. மார்கழி மழையில் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் எமது வீட்டுக்கு அதே கருவி கேடு. இங்கே ஈரத்தைக் கூட்டுவதல்ல, வெளியேற்றுவதே வேலை. ஆவி பிடிக்கையில் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதையும் நாம் பார்த்திருக்கிறோம்; சிறுவருக்கு அது வேண்டாம்.

வெளிக்காற்று எப்போதும் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வேளையில் இந்தியாவிலிருந்து வந்த மாசு நாடெங்கும் படிந்தது. 9ஆந் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் காற்றுத் தரம் மோசம் என்று அறிவிக்கும் நாட்களில் யன்னலைக் குறுகிய நேரம் மட்டும் திறக்கலாம். முட்டு நோயாளர் முகக்கவசம் அணியலாம். வசதியுள்ளவர் காற்று வடிகட்டி வாங்க விரும்பினால் ஹெப்பா வடிகட்டியுள்ளதை வாங்கட்டும். ஓசோன் விடும் கருவி எதற்கும் உதவாது, கெடுதியும் செய்யும்.

மாரிக்காய்ச்சல் எல்லாவற்றையும் சளிக்காய்ச்சல் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்து சிலர் இறந்தபோது, காரணம் எலிக்காய்ச்சல் என்பது பின்னரே உறுதியானது. வெள்ளத்தில் இறங்கினாரா, வயலில் நின்றாரா என்ற கேள்விகள் வழமை போல முதலிடத்தில் இருக்கட்டும். அவற்றோடு இன்னும் மூன்றைச் சேருங்கள்: எங்கே சமைக்கிறீர்கள், இரவில் அறையில் என்ன எரிகிறது, எந்த யன்னல் திறக்கப்படுவதில்லை. பதில்களைக் கிளினிக் அட்டையில் எழுதி, அந்தப் பிரிவின் குடும்பநல மாதுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியப்படுத்துங்கள். கேள்வியோடு நின்றுவிடவும் கூடாது. இந்திய வீட்டுத் திட்டம் போன்றவற்றில் ஏறத்தாழ 550 சதுர அடியில் கட்டிய வீடுகளில் இன்று பெரிய குடும்பங்கள் வாழ்கின்றன. இனிவரும் வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டில் யன்னல் வலைக்கும் அடுப்படிப் புகைபோக்கிக்கும் செலவு ஒதுக்கும்படி பிரதேச செயலகங்களுக்கு எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம்; வரும் மாரிக்கு முன்னரே கேட்க வேண்டும்.