மாயமானின் கறி

கம்பம் பள்ளத்தாக்கில் கறியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏதோ ஒரு கட்டத்தில் மான்கறி வந்து சேர்ந்துவிடும். சின்னமனூரிலோ கூடலூரிலோ ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கிவந்த கடமான் கறியின் ருசியை விவரிப்பார். சுற்றியிருப்பவர்கள் இன்றைய ஆட்டுக்கறி வெறும் சக்கை என்று ஆமோதிப்பார்கள். இந்த ஏக்கம் பேச்சோடு நின்றுவிட்டால் தீங்கில்லை. ஆனால் ஏக்கத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. சுருக்குக்கண்ணியும் நாட்டுத்துப்பாக்கியும் அந்த விலையை நம்பித்தான் காட்டுக்குள் போகின்றன. ஆகவே இந்த ருசியைக் கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். எங்கள் தரப்பு இதுதான்: மான்கறியின் பெருமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மானுடையதல்ல, அறுத்தவனின் பக்குவத்துடையது. அந்தப் பக்குவத்தை ஆட்டுக்குக் கொடுக்க மறந்துவிட்டு மானுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் இலக்கியத்தில் மான்கறிக்கு இடமில்லாமல் இல்லை. மலைபடுகடாத்தில் மலைச்சிற்றூரின் விருந்தில் கடமானும் முள்ளம்பன்றியும் உடும்பும் வருகின்றன. புறநானூற்றின் 150ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. வழிநடந்து களைத்து மரத்தடியில் அமர்ந்திருக்கும் புலவருக்கு, மான்கூட்டத்தை வேட்டையாடிவந்த நள்ளி தன் பெயரைக்கூடச் சொல்லாமல் தானே தீமூட்டி, விரைந்து சுட்ட இறைச்சியைக் கொடுக்கிறான். உரையாசிரியர்கள் இதில் வள்ளன்மையைக் கண்டார்கள், அது சரியே. நமக்கு அந்த விரைவும் முக்கியமாகப் படுகிறது. வேட்டையாடிய இடத்திலேயே, அதிக நேரம் கடத்தாமல் சுட்டுத் தின்பது ஓர் அறிவு. அதன் காரணத்தை இன்றைய இறைச்சி அறிவியல் தெளிவாகச் சொல்கிறது.

உயிர் போனதும் தசை உடனே செத்துவிடுவதில்லை. அதில் மிஞ்சியிருக்கும் ஆற்றல் தீரும்வரை அது இளகியே இருக்கும். ஆற்றல் தீர்ந்ததும் நார்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு விறைத்துவிடும். பிறகு தசையிலேயே உள்ள நொதிகள் அந்தப் பூட்டை மெல்ல மெல்லத் தளர்த்தும். ஆகவே கறி மென்மையாக இருக்கும் காலம் இரண்டு: விறைப்பு வருவதற்கு முன், விறைப்பு நீங்கிய பின். குளிர்நாடுகளில் மானை உரித்துக் குளிரில் நாள்கணக்கில் தொங்கவிடுவது இரண்டாவது வழி. குளிரூட்டி இல்லாத நம் மலைச்சாரலில் சாத்தியமாக இருந்தது முதல் வழி மட்டுமே. மிஞ்சியதைக் காப்பதற்கு உப்பும் மஞ்சளும் வெயிலும் இருந்தன. உப்புக்கண்டம் அப்படி வந்ததுதான்.

அடுத்தது, விலங்கின் கடைசி மணிநேரம். நிதானமாக இருந்த விலங்கின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அது இறந்தபின் அமிலமாக மாறிக் கறிக்கு நிறமும் மணமும் தரும். சீக்கிரம் கெடாமலும் காக்கும். விரட்டப்பட்டு, அஞ்சி ஓடிக் களைத்த விலங்கிடம் அந்தச் சேமிப்பு இருக்காது. அதன் கறி கருத்து, இறுகி, சீக்கிரம் கெட்டுப்போகும். கண்ணியில் இரவெல்லாம் திமிறிக் கிடந்த மானின் கறி எப்படியிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். திருட்டுத்தனமாகக் கைமாறும் மான்கறி பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்க முடியும். அதைத் தின்றுவிட்டு அமிர்தம் என்பவர் நாவால் பேசவில்லை, விலக்கப்பட்டதைத் தின்ற பெருமிதத்தால் பேசுகிறார்.

மூன்றாவது, கத்தி. மானை அறுக்கத் தெரிந்தவர்கள் எங்கும் சொல்வது ஒன்றே: ரத்தம் முழுக்க வடிய வேண்டும், குடலை விரைவில், கிழிக்காமல் எடுக்க வேண்டும், தோலின் மயிர்ப்புறம் கறியில் படக்கூடாது, வெள்ளைச் சவ்வைச் சீவி எடுக்க வேண்டும், நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். மானின் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும் என்பதால் அதையும் கழித்துவிடுவார்கள். மான் குடும்பத்து விலங்குகளுக்குப் பித்தப்பை கிடையாது. ஆகவே ஈரல் கசந்துவிடும் என்ற கவலை மட்டும் இல்லை. மற்றபடி இந்த விதிகளில் மானுக்கென்றே ஆனது எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னும் சொன்னால், ஆட்டுக்கு இவை கூடுதலாகத் தேவை. கிடாயின் வாடை தோலிலும் மயிரிலும் நிறைய இருக்கிறது. உரித்த கையைக் கழுவாமல் கறியைத் தொட்டால் அந்த வாடை குழம்புவரை வரும்.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்கு வருவோம். சந்தையில் வாங்கிய ஆட்டை இருசக்கர வண்டியில் குறுக்கே கட்டியோ, சரக்கு வண்டியில் நெருக்கியோ கொண்டுவருகிறோம். தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் விடியுமுன் மற்ற ஆடுகளின் கண்ணெதிரே அறுக்கிறோம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த அறுவைக்கூட விதிகள், பரிசோதித்த விலங்குக்கு 24 மணிநேர ஓய்வு தர வேண்டும் என்றும், ஒரு விலங்கின் முன் மற்றொன்றை அறுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. இது கருணைக்கான விதி மட்டுமல்ல, ருசிக்கான விதியும்கூட. பிறகு புளியங்கட்டையில் வைத்துத் தொடையும் சப்பையும் நெஞ்செலும்பும் ஒன்றாகக் கொத்தி, ஒரே விலைக்கு ஒரே பையில் போடுகிறோம். மெல்ல வெந்தால்தான் இளகும் காலும், சீக்கிரம் வெந்துவிடும் முதுகுக்கறியும் ஒரே குக்கரில் ஒரே விசிலுக்குக் காத்திருக்கின்றன. இன்னும் சூடு ஆறாத கறியை நேராக உறைபெட்டியில் வைப்பவர்களும் உண்டு. விறைப்பு முடியுமுன் உறைந்த கறி, உருகும்போது சுருங்கித் தோலாகிவிடும். கடைசியில் பழி ஆட்டின் மேல் விழுகிறது.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லவில்லை. கேட்பவர் இருந்தால் பிரித்து வெட்டித் தர அவர்களுக்குத் தெரியும். சுவரொட்டியையும் நல்லி எலும்பையும் கேட்டு வாங்குகிற நாம், ஆடு எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு அறுத்தது, காயடித்த கிடாயா என்று கேட்பதில்லை. வாங்கியதை உடனே சமைப்பதும், முடியாவிட்டால் உறையவிடாமல் குளிரில் ஒருநாள் வைத்து மறுநாள் சமைப்பதும் பெரிய வித்தை அல்ல.

மேலைநாடுகளில் மான்கறி விற்கவில்லையா என்று கேட்கலாம். விற்கிறது. நியூசிலாந்தில் மான் வெளியிலிருந்து கொண்டுவிடப்பட்டது. பெருகிக் காட்டை அழித்தது. பிறகு பண்ணை விலங்காயிற்று. ஸ்காட்லாந்தில் ஓநாய்கள் அழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மானைக் குறைக்க மனிதனைத் தவிர வேறு யாருமில்லை. நம் மலையின் கதை வேறு. 2009இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயமானது. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் உருவானது. இங்கே கடமானுக்கு உரிமையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: புலியும் சிறுத்தையும் செந்நாயும். நமக்கு ஆடும் கோழியும் இருக்கின்றன, அவற்றுக்குக் கடமான் முக்கிய இரை. மான் குறைந்தால் அவை ஊரோரத்துக் கிடைகளைத் தேடி வரும். அப்போது நாம் புலியைக் குற்றம் சொல்வோம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் கொல்வதைத் தடுக்கிறது. அதன் கறியை வைத்திருப்பதும் குற்றமே. ஆனால் சட்டத்தின் அச்சத்தால் மட்டும் ஒரு நாவின் ஏக்கம் தீர்ந்துவிடாது. அந்த ஏக்கம் தேடுவது உண்மையில் ஒரு பக்குவத்தைத்தான் என்று உணர்ந்தால் தீரலாம். நள்ளி அன்று கொடுத்ததில் இன்றும் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை கை, நேரம், அக்கறை ஆகிய மூன்றும்தான். அவற்றைப் பட்டியில் வளர்ந்த வெள்ளாட்டுக்குக் கொடுத்துப் பார்ப்போம். மலைமேல் இருக்கும் மான் மலைமேலேயே இருக்கட்டும்.